தாத்தா ஓட்டிய ஹோண்டா



சுங்கை ஆயர் தாவார் பக்கமும் கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலும் பல வீட்டுப் பின்கட்டில் இன்னும் ஒரு ஹோண்டா சி70 நிற்கும். மேலே கிழிந்த கேன்வாஸ், டயரில் காற்று இருக்காது, சீட்டில் கோழி ஏறி உட்கார்ந்திருக்கும். கேட்டால், "தாத்தாவோட மோட்டாருங்க, ஓடாது, ஆனா விக்க மனசு வரல" என்பார்கள். அதை வீட்டிலேயே ஓட வைக்க முடியும்.

இந்தக் கப்சாய் வம்சம் 1958-இல் ஜப்பானில் பிறந்தது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தபடி மறு கையால் கடைப்பையன் ஓட்டுவதற்குத் தோதாக இருக்க வேண்டும் என்று நிறுவனர் சோய்ச்சிரோ ஹோண்டா விரும்பியதாகச் சொல்வார்கள். அதனால்தான் இதில் கிளட்ச் பிடி கிடையாது. மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கிய பினாங்கு லோ பூன் சியூ, ஹோண்டாவை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். ஜப்பானில் நூடுல்ஸ் சுமந்த வண்டி, தோட்டத்துக்கு வந்ததும் பின்னால் பால் டின்னும் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஏற்றிக்கொண்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அது போகவில்லை. 2017-இல் இந்த வம்சத்தின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. இவ்வளவு வண்டிகள் செய்திருப்பதால் நமக்கும் ஒரு லாபம்: சின்ன ஊர் மோட்டார் கடையில்கூட உதிரிப்பாகம் விசாரிக்கலாம்.

எல்லாரும் முதலில் பெயிண்டில் கை வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. இஞ்சின் எந்த நிலையில் இருக்கிறதென்று தெரியாமல் பளபளப்பாக்கி என்ன பயன்?

உதைமிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் பிஸ்டன் இறுகிப் பிடித்திருக்கலாம். ஏறி மிதித்து உடைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். பிறகு இடப்பக்க மூடியைத் திறந்து, பிளைவீலைக் கையால் இப்படியும் அப்படியும் மெல்ல அசையுங்கள்.

மூடியைத் திறப்பதில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். ஜப்பான் ஸ்க்ரூவின் கூட்டல்குறித் தலையும், நாம் சாதாரணமாக வாங்கும் பிலிப்ஸ் முனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸைப் போட்டுத் திருகினால் முனை வழுக்கி மேலேறி, ஸ்க்ரூத் தலை மொழுக்கென்று தேய்ந்துபோகும். ஜே.ஐ.எஸ். முனை என்று கேட்டு வாங்குங்கள். கடற்காற்றில் உப்பேறி இறுகிய ஸ்க்ரூவுக்கு, சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர்தான் சரி.

உள்ளே ஸ்பார்க்குக்கான பாயிண்ட் இருக்கும். பிளைவீலில் உள்ள சன்னல் வழியாகவே அது தெரியும். மெல்லிய எமரித்தாளால் தேய்த்து, 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். பிளக்குக்கு 0.6 முதல் 0.7. வால்வு டேப்பெட்டுக்கு வெறும் 0.05 மில்லிமீட்டர்தான், அதுவும் இஞ்சின் ஆறியிருக்கும்போது. அளக்க ஒரு பீலர் கேஜ் வாங்கிவிடுங்கள், கண்ணால் மதிப்பிடும் விஷயமல்ல இது. ஸ்பார்க் வந்தும் இஞ்சின் பிடிக்கவில்லையா? கார்புரேட்டரைத் திறந்து பாருங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும்.

சீட்டுக்கு அடியில் உள்ள டாங்கியைக் கழற்றி, பழைய பெட்ரோலை வெட்டவெளியில் வடித்துவிடுங்கள். அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் வேண்டாம். பிறகு வினிகரும் ஒரு பிடி நட்டும் போட்டுக் குலுக்கினால் துரு உதிரும். நட்டை எல்லாம் எண்ணி வெளியே எடுங்கள்! சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் அலசி, நன்றாகக் காய்ந்ததும் உள்ளே ஆயில் பூசிவிடுங்கள். வெறும் டாங்கியை அப்படியே வைத்தால் நம் ஊர் ஈரத்தில் மறுபடி துரு பிடிக்கும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் கட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

இனி பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் பால் டின் உரசித் தேய்ந்த பின் கேரியரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். புதிய கேரியர் எந்தக் கடையிலும் கிடைக்கும், அந்தத் தேய்மானத்துக்கு உங்கள் குடும்பம் எத்தனையோ வருடம் உழைத்திருக்கிறது.

இத்தனை வேலையையும் செய்துவிட்டு ரோட்டில் ஓட்ட முடியாமல் நிற்பவர்கள் உண்டு. காரணம், வண்டியின் கிராண்ட் இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கும், ரோட்டேக்ஸும் எப்போதோ முடிந்திருக்கும். ஆகவே ஒரு வேண்டுகோள், நேயர்களே: ஸ்பானரை எடுப்பதற்கு முன் அலமாரியைத் துழாவி அந்தக் கிராண்டை எடுங்கள். சேஸி எண்ணும் இஞ்சின் எண்ணும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பெயர் மாற்ற என்னென்ன வேண்டும் என்று பக்கத்து ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, பிறகு வேலையைத் தொடங்குங்கள்.