நாகையிலிருந்து கீழக்கரைக்கு: சிறு படகில் ஐந்து நாள்

(கடலுக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

நம் தெருத் தம்பிமார் நாலு பேர் நாகப்பட்டினத்தில் ஒரு பைபர் படகு பார்த்திருக்கிறார்கள். இருபத்தெட்டு அடி நீளம், அவுட்போர்டு எஞ்சின். விலையும் பேசி முடிந்துவிட்டது. அதைக் கடல் வழியாகவே கீழக்கரைக்குக் கொண்டுவரலாமா என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குத் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் பாதி விஷயம் கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது. அதனால்தான் அவர்களின் உம்மாமாரும் வாப்பாமாரும் இருக்கிற இடத்தில் பேசுகிறேன் என்று சொன்னேன்.

முதலில் ஒன்று. லாரியில் ஏற்றினால் அந்தப் படகு ஒரே இரவில் வந்து சேரும். பெட்ரோல், ஆயில், சாப்பாடு, நாலு பேரின் ஒரு வார உழைப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கடல் வழி மலிவு என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரு நன்மை உண்டு. வாங்கிய படகின் குணம் ஐந்து நாள் ஓட்டியவனுக்குத் தெரிந்துவிடும். அதற்காகப் போவதென்றால் போகலாம். செலவு மிச்சம் என்று நினைத்துப் போக வேண்டாம்.

இப்போது வழியைப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே கோடியக்கரை. அங்கே கரை மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினக் கடலுக்கு வெளியே ஓடி மல்லிப்பட்டினம். பிறகு கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் தாண்டித் தொண்டி. தொண்டியிலிருந்து மண்டபம். கடைசியாகப் பாம்பன் கால்வாயைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி கீழக்கரை. ஐந்து ஓட்டம். ஒவ்வொன்றும் நேர்கோட்டில் சுமார் 25 முதல் 37 கடல் மைல். நீளமானது மல்லிப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் இருப்பது. மொத்தம் சுமார் 155 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், ஆகவே 285 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். திட்டுகளையும் வலைகளையும் சுற்றிப் போக ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்து ஓட்டம் என்றதும் ஐந்து நாளில் வந்துவிடுவோம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பயமே இங்கேதான். எட்டு அல்லது ஒன்பது நாள் ஒதுக்குங்கள். படகு வரும் நாளைக் கணக்கிட்டு இங்கே விருந்துக்குத் தேதி குறிக்க வேண்டாம். ஆட்டை வாங்கிக் கட்டிவிட்டு, "காக்கா, எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று மணிக்கொரு தரம் போன் போட வேண்டாம். காற்று ஏறிய காலையில் கிளம்பக்கூடாது என்று படகில் இருப்பவனுக்கே தெரியும். ஆனாலும் கரையில் காத்திருப்பவர்களின் முகத்தை நினைத்துக் கிளம்பிவிடுவான். அந்த நெருக்கடியை நாம் கொடுக்கக்கூடாது.

எந்த மாதம் என்பது பெரிய கேள்வி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றால் நாகைக் கடலும் பாக் நீரிணையும் கொந்தளிக்கும். வைகாசி முதல் தென்மேற்குக் காற்று. அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் முரட்டுக் கடல். நம் வழி இரண்டு கடலையும் தொடுவதால் இரண்டும் ஓய்ந்திருக்கும் இடைவெளி வேண்டும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை என்று நான் சொல்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கடலில் ஆள் நடமாட்டம் குறைவு. எஞ்சின் நின்றுபோனால் கயிறு கொடுத்து இழுக்க ஒரு படகு கிடைப்பதும் குறைவு.

நல்ல மாதம் என்பதால் எல்லா நாளும் நல்ல நாளாகிவிடாது. முந்தின நாள் மாலையும் கிளம்பும் காலையும் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பையும் பாருங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால், அது 1ஆம் எண் கூண்டாக இருந்தாலும், பேச்சே இல்லை. கூண்டு இல்லாத நாளுக்கும் ஒரு வரம்பு வேண்டும். இந்த அளவுப் படகுக்கு நான் வைக்கும் வரம்பு: காற்று 15 நாட்டுக்கு மேல், அல்லது அலை ஒன்றரை மீட்டருக்கு மேல் என்று அறிவிப்பு இருந்தால் அன்று கரையில் இருக்க வேண்டும். உங்கள் வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடக்கூடாது. அதை இங்கேயே, வீட்டில் உட்கார்ந்து, தாளில் எழுதிவிடுங்கள். கரையில் தூங்கி எழுந்து மூட்டை கட்டிய பிறகு யோசித்தால் மனம் கிளம்பும் பக்கமே சாயும்.

சுபுஹு முடிந்ததும் கிளம்பி, பதினொரு மணிக்குள் அடுத்த கரையைப் பிடிக்கிற மாதிரி ஓட்டத்தை அமையுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும். இரவு ஓட்டம் வேண்டவே வேண்டாம். பாக் நீரிணை முழுவதும் வலை விரித்திருக்கும், இருட்டில் மிதவை தெரியாது. வலை ப்ரொப்பல்லரில் சுற்றினால் உங்கள் எஞ்சினும் போயிற்று, இன்னொருவன் பிழைப்பும் போயிற்று.

இந்த வழியில் இரண்டு இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று கோடியக்கரை முனை. அதற்குக் கிழக்கே திறந்த வங்கக்கடல், மேற்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை. முனையை ஒட்டி மணல் திட்டுகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. காற்று இருக்கும் நாளில் அந்தத் திட்டின் மேல் அலை உடையும். ஆகவே முனையைக் குறுக்கே வெட்டாமல் ஒதுங்கிச் சுற்ற வேண்டும். ஆனால் ஒதுங்கி ஒதுங்கிப் போனால் எல்லைக்கோட்டின் பக்கம் போகிறோம். 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த இந்திய இலங்கைக் கடல் எல்லை அது. கடலில் வேலி கிடையாது. ஜிபிஎஸ்ஸில் அந்தக் கோட்டை ஏற்றி, அதற்குப் பல மைல் முன்பே அலாரம் அடிக்கும்படி வையுங்கள். மேற்குக் காற்றில் எஞ்சின் நின்றால் படகு எல்லையை நோக்கித்தான் மிதக்கும். அதனால் நீளமான கயிற்றோடு நல்ல நங்கூரம் அவசியம். பாக் நீரிணையில் பெரும்பகுதி ஆழம் குறைவு என்பதால் நங்கூரம் தரையைப் பிடிக்கும். எஞ்சின் நின்றதும் முதல் வேலை நங்கூரம் போடுவது. ரிப்பேர் அதற்குப் பிறகு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அரை மணி நேரம் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கரை காணாமல் போயிருக்கும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் மீன்பிடிப் பருவம். பல ஊர் மீனவர்கள் அங்கே தங்கியிருப்பார்கள். முனையைச் சுற்றுவதற்கு முந்தின இரவை அங்கேயே கழியுங்கள். திட்டு இப்போது எங்கே இருக்கிறது, மறுநாள் காற்று என்ன செய்யும் என்று அவர்களிடம் கேளுங்கள். வரைபடம் அச்சான பிறகு மணல் நகர்ந்திருக்கலாம், அவர்கள் நேற்றும் அந்தத் தண்ணீரில் போய் வந்தவர்கள்.

முனை தாண்டினால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் சேறும் ஆழமின்மையும்தான் தொல்லை. ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், முழங்கால் தண்ணீரில் அரை அடிதான் ப்ரொப்பல்லரைக் காப்பாற்றும். கரையை ஒட்டாமல் வெளியே ஓடுங்கள். மல்லிப்பட்டினத்தை நெருங்கும்போது மனோரா கண்ணில் படும். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக 1814இல் சரபோஜி மன்னர் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். எதற்குக் கட்டினாரோ, நமக்கு நல்ல அடையாளம். அந்தக் கடலில் கடற்புல் நிறைய. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் அந்தப் புல்லை நம்பித்தான். அறுந்து மிதக்கும் புல் எஞ்சினின் குளிர்நீர்த் துளையை அடைக்கும். எஞ்சின் பின்னால் பீய்ச்சும் தண்ணீரில் ஒருவர் எப்போதும் கண் வைத்திருக்க வேண்டும். அது மெலிந்தால் உடனே நிறுத்தி, எஞ்சினைத் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். தொண்டி, மண்டபம் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது இடம் பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988இல் திறந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் எல்லாம் அந்தக் குறுகிய கால்வாயின் மேல்தான் கட்டப்பட்டன. இரண்டு கடலும் அந்த வாய் வழியாகத்தான் ஒன்றுக்குள் ஒன்று பாய்கின்றன. வாடைக் காலத்தில் நீவாடு தெற்கே இழுக்கும், தென்மேற்குக் காலத்தில் வடக்கே தள்ளும். இரு பக்கமும் பாறை. எஞ்சின் அரை நிமிடம் இருமினாலும் தூணிலோ பாறையிலோ மோத வேண்டியதுதான். ஆகவே வடக்குப் பக்கம் நிறுத்தி, பெட்ரோல் டேங்கை மாற்றி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, துறைமுக அலுவலகத்தில் கேட்டு, பாம்பன் படகு ஒன்றின் பின்னாலேயே கடந்துவிடுங்கள். தெற்கே வந்ததும் 21 தீவுகள் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா. 1986 முதல் பாதுகாப்பில் இருக்கிறது. வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் இறங்கக்கூடாது, டீ போடக்கூட. கீழக்கரை வரை மேற்கு நோக்கி ஓடுவதால் காலையில் வெயில் முதுகில் விழும். அப்போதுதான் தண்ணீருக்குள் பார் தெரியும். மதியத்துக்கு மேல் வெயில் கண்ணில் அடிக்கும், பார் தெரியாது.

பெட்ரோல் கணக்கைக் கம்பெனிப் புத்தகத்தில் பார்க்காதீர்கள். நாலு பேரும் சாமானும் ஏறிய படகை ஒரு மணி நேரம் ஓட்டி, டேங்கில் எவ்வளவு குறைந்தது என்று அளந்துகொள்ளுங்கள். மணிக்கு 8 லிட்டர், வேகம் 8 நாட் என்று வைப்போம். 37 மைல் ஓட்டம், சுற்றலும் சேர்த்து 45 மைல் என்றால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, 45 லிட்டர். அதில் பாதியைக் கூட்டி 68 லிட்டர் எடுத்துச் செல்ல வேண்டும். எதிர்க்காற்றில் வேகம் இறங்கினால் அந்தக் கூடுதல்தான் கரை சேர்க்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். ஆகவே கேன்களைக் கரையில் இறக்கி நிரப்புங்கள். சிகரெட் பழக்கம் உள்ளவர் அந்த ஒரு வாரமாவது விட்டுவிடட்டும்.

இன்னொன்று. ஊருக்குத் தெரியாத படகு, நாலு இளைஞர், வரிசையாகப் பெட்ரோல் கேன். இந்தக் கரையில் கண்டிப்பாக நிறுத்தி விசாரிப்பார்கள். அது அவர்கள் வேலை, கோபப்பட வேண்டாம். மீன்வளத்துறைப் பதிவு, விற்பனைக் கடிதம், எஞ்சின் பில், அடையாள அட்டைகளைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். கிளம்புமுன் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி கரையில் இருப்பவர்களுக்கு. நாலு குடும்பமும் சேர்ந்து ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வாப்பாவோ பெரியத்தாவோ, போனைக் கையைவிட்டு வைக்காத ஒருவர். பெண்களில் ஒருவராக இருந்தாலும் நல்லதே. அவர் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். படகின் பதிவு எண், நிறம், எஞ்சின், நாலு பேரின் பெயர், ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குச் சேர வேண்டும், வழியில் ஒதுங்கக்கூடிய கரைகள். கடைசியாக, எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் உதவி கேட்பது என்ற நேரம். பதினொரு மணிக்குச் சேர வேண்டிய படகு என்றால் ஒரு மணி என்று எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், எஞ்சின் நின்ற படகு மணிக்கு இரண்டு மைல் மிதப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் நாலு மைல். எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியாததால் நாலு மைல் வட்டம் முழுக்கத் தேட வேண்டும். ஆறு மணி நேரம் கழித்துச் சொன்னால் வட்டம் பன்னிரண்டு மைல். தூரம் மூன்று மடங்குதான், தேட வேண்டிய கடலின் பரப்பு ஒன்பது மடங்கு. அதற்குள் இருட்டியும் விடும். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், ஊரைக் கூட்ட வேண்டாம்" என்று கழியும் நேரம் இப்படித்தான் போகிறது.

தாளில் எழுதிய நேரம் வந்ததும் யாரையும் கலந்து பேச வேண்டாம். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டுக்கும் போன் செய்து தாளை அப்படியே படியுங்கள். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் "மாமி, வந்துவிட்டோம்" என்று கூப்பிட்டால், அதே எண்களுக்குத் திரும்ப அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

தம்பிமார் செய்ய வேண்டியது, சேர்ந்ததும் முதலில் அந்த ஒருவருக்குப் போன். மீனைப் பார்ப்பதும் டீக்கடையும் பிறகு. கரையை விட்டு விலகினால் போனில் சிக்னல் போய்விடும். கையில் பிடிக்கும் விஎச்எஃப் ரேடியோ ஒன்று வாங்குங்கள். தாழ்ந்த படகிலிருந்து அது நாலைந்து மைல்தான் எட்டும், இருந்தாலும் 16ஆம் சேனலில் கூப்பிட்டால் அருகிலிருக்கும் கப்பலோ காவல்படையோ கேட்கும். உயிர்காப்பு அங்கியைப் பலகைக்கு அடியில் அடுக்காமல் உடம்பில் போடுங்கள்.

தாளின் மாதிரியை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நாலு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் யார் என்பதை இப்போதே, இங்கிருந்து எழுவதற்குள் முடிவு செய்து பெயரை எழுதிவிடலாம்.