அடைப்புக்குறிகளுக்கு நடுவே

எங்கள் வாசகசாலையின் புத்தகப் பட்டியல் கணினியில் இருக்கிறது. நூலின் பெயர், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஆசிரியர், ஒரு கமா, உடனே அடுத்த நூல் என்று வரிவரியாக ஓடும். ஆசிரியர் பெயர்களை மட்டும் தனியே எடுத்துத் தரச் சொன்னார்கள். கையால் எழுதினால் ஒரு வாரம் போய்விடும். இந்த மாதிரி வேலைக்கென்றே இருப்பதுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். சுருக்கமாக, ரெஜெக்ஸ்.

தேட வேண்டிய சொல்லையே தராமல், அது எந்த அமைப்பில் இருக்கும் என்பதைச் சில குறிகளால் சொல்லிவிடுவதுதான் இதன் வழி. 1950-களில் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீவன் க்ளீனி காகிதத்தில் வகுத்த குறியீடு இது. 1968-இல் கென் தாம்ஸன் இதைக் கணினியில் எழுத்துத் தேடலுக்குக் கொண்டுவந்தார். க்ளீனியின் நட்சத்திரக் குறி இன்றும் அதே பொருளில்தான் நிற்கிறது: தனக்கு முன்னால் இருப்பது எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம்.

முதலில் நான் எழுதியது இது. திறக்கும் அடைப்பு, ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், மூடும் அடைப்பு. புள்ளி என்றால் ஏதேனும் ஒரு குறி. அடைப்புக்கு ரெஜெக்ஸில் வேறு வேலையும் உண்டு என்பதால், அதன் முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டேன். பட்டியலில் ஒரு வரி: மோகமுள், அடைப்புக்குள் தி. ஜானகிராமன்; கரிசல் காட்டுக் கடுதாசி, அடைப்புக்குள் கி. ராஜநாராயணன். எனக்குக் கிடைத்ததோ தி. ஜானகிராமனில் தொடங்கி, கரிசல் காட்டையும் வாரிக்கொண்டு, ராஜநாராயணனில் போய் முடிந்த ஒரே நீளத் துண்டு!

நட்சத்திரத்துக்குப் பேராசை. கிடைத்த மட்டும் அள்ளிக்கொண்டு, வரியின் கடைசி மூடும் அடைப்பில்தான் நிற்கும். அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால், முதல் மூடும் அடைப்பிலேயே நின்றுவிடும். பெரும்பாலோர் செய்வது அதைத்தான். எனக்குப் பிடித்தது வேறு வழி. புள்ளியை எடுத்துவிட்டு, 'மூடும் அடைப்பு அல்லாத எதுவும்' என்று எழுதுவது. சதுர அடைப்புக்குள் முதலில் தொப்பிக் குறி, அடுத்து மூடும் அடைப்பு, வெளியே நட்சத்திரம், அவ்வளவுதான். நடுவில் எது வரக்கூடாது என்று நாமே வாய்திறந்து சொல்லிவிடுகிறோம். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும்.

தமிழில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'தி' நமக்கு ஓரெழுத்து. யூனிகோடில் அது தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. பல நிரல்மொழிகளின் ரெஜெக்ஸில் ஒரு புள்ளி தகரத்தை மட்டும் பிடித்து, இகரத்தை அறுத்துவிடும். நட்சத்திரம் சேர்ந்திருந்தால் பாதகமில்லை. மூன்றெழுத்து, நாலெழுத்து என்று எண்ணித் தேடும்போதுதான் ஏமாந்துவிடுவோம்.

பட்டியலில் ஒரு வரி மட்டும் அடங்கவில்லை. காஞ்சனை, அடைப்புக்குள் புதுமைப்பித்தன், அந்த அடைப்புக்குள்ளேயே இன்னோர் அடைப்பில் சொ. விருத்தாசலம். என் குறியீடு விருத்தாசலத்தோடு நின்று, நடுவே ஓர் அடைப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடைப்பு திறந்தது, எத்தனை மூடியது என்று எண்ணிக்கொண்டே போகும் திறன் க்ளீனியின் குறியீட்டுக்குக் கிடையாது. அது குறையல்ல, அதன் எல்லை, கணிதமாகவே நிறுவப்பட்டது. அந்த ஒரு வரியை நான் கையால் திருத்தினேன்.