ஐம்பது வயதில் ஃப்ளோரிடா

(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். நேரத்துக்குக் கவுன்டரை மூடத் தெரியும், கவலைப்படாதீர்கள்.

போன மாதம் ஜெனரேட்டர் அறைப் பக்கம் ஒரு பாம்பு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் அன்று மட்டும் 140 செய்திகள். எண்ணிப் பார்த்தேன், பழைய பழக்கம். கடைசியில் பாம்பு பிடிக்க வந்த பையன், "சாரைப்பாம்பு சார், ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நாமெல்லாம் பால்கனியில் நின்று பார்த்தோம். நமக்கு அது பெரிய சாகசம். அவனுக்கு அது வழக்கமான வேலை.

அன்று இரவு எனக்கு இரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன். நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இருளர்களின் தொழில் நமக்குத் தெரியாததல்ல. ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பிடித்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது. பிழைப்பே போய்விட்டது. அப்போதுதான் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இடம் எங்கே? இதே ஈ.சி.ஆர். சாலையில், இங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் இருக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வருவார்கள். சில வாரம் பானையில் வைத்திருந்து விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். பாம்புக்கடிக்கு நம் நாட்டில் போடும் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. நான் பி.காம். படித்தவன், கூட்டுறவு என்றாலே கொஞ்சம் சந்தேகத்தோடு கணக்கைப் பார்ப்பவன். இப்படி ஒரு கூட்டுறவுச் சங்கம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். ஃப்ளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் எவர்கிளேட்ஸ் என்று பெரிய சதுப்புநிலம். வீட்டில் ஆசைக்கு வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பித்தும், வளர்க்க முடியாமல் விடப்பட்டும் அங்கே பெருகிவிட்டன. முயல், மான் என்று கிடைத்ததையெல்லாம் விழுங்கின. 2016-இல் அரசே ஒரு போட்டி வைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மாதம் தேடி, பிடித்தது 106 பாம்பு. ஆளுக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அடுத்த ஜனவரியில் மாசியையும் வடிவேலையும் வரவழைத்தார்கள். இருவருக்கும் அப்போது ஐம்பது வயதையொட்டி இருக்கும். பேச்சுக்கு உதவ மொழிபெயர்ப்பாளர்கள் கூடவே இருந்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு! அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. கீ லார்கோ என்ற தீவில், கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தின் நிலத்தடிக் குழியிலிருந்து அதை வெளியே எடுத்தார்கள்.

எனக்கு இதில் வியப்பு எண்ணிக்கை அல்ல. இங்கே அவர்கள் பிடிப்பது விஷப்பாம்பு, கடித்தால் ஆபத்து. அங்கே விஷமே கிடையாது, சுற்றி நெருக்கினால் ஆபத்து. இங்கே வரப்பு, புற்று, எலிவளை. அங்கே இடுப்பளவு கோரைப்புல், தண்ணீர், முதலை. ஊரும் புதிது, பாம்பும் புதிது. கையோடு கொண்டுபோனது, தடத்தையும் உரித்த தோலையும் எச்சத்தையும் பார்த்துப் பாம்பு எங்கே இருக்கும் என்று சொல்லும் கண் ஒன்றைத்தான். அவர்கள் சாகசம் செய்யக் கிளம்பவில்லை, வேலைக்குப் போனார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் "நமக்கு எதுக்கு, இங்கேயே இருப்போம்" என்று அவர்கள் சொல்லியிருக்க முடியும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அப்படிச் சொன்னவன்.

1994-இல் எனக்கு ஆபீஸர் ப்ரமோஷன் வந்தது. போஸ்டிங் போர்ட் பிளேர். வீட்டில் கேட்டேன். "நீங்க போறதுன்னா போகலாம்" என்றாள் என் மனைவி. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பெண் ஒன்றாம் வகுப்பு, கடல் தாண்டிய ஊர் என்று காரணங்களை நானே அடுக்கி, ப்ரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள என் தம்பி இருந்தான். பெண்ணுக்கு அங்கேயும் தமிழ் பேசும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். உண்மையான காரணம், காலை 9.40-க்கு அந்த நாற்காலியில் உட்காராமல் இருக்க எனக்குப் பயம். என் மனைவி ஒரு தடவைகூடக் குத்திக்காட்டியதில்லை. இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இதை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாள்.

ரிடையர் ஆன பிறகும் நான் மாறவில்லை. தினம் காலை நம் காம்பவுண்டுக்குள் பதினோரு சுற்று. கடல் இங்கிருந்து நடக்கிற தூரம். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை பக்கத்து ஊர். ஆறு வருடத்தில் கோட்டைக்கு ஒரே ஒரு முறை போனேன், அதுவும் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு. உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன்.

இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். வடநெம்மேலிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போகலாம் என்று இருக்கிறேன். முதலைப் பண்ணைக்குள்ளேயே இருளர் சங்கத்தின் இடத்தையும் பார்க்கலாம். வருபவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஜெனரேட்டர் அறைப் பக்கம் போகப் பயப்படுகிறவர்கள் முதலில் கொடுங்கள்.

இன்னொன்று என் சொந்த விஷயம். ஜனவரியில் போர்ட் பிளேர் போகிறேன். நான் போவதற்குள் பெயரையே ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், அவ்வளவு தாமதம். விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான். நான் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போகிறேன், மூன்று நாள் ஆகும். மனைவி விமானத்தில் வந்து அங்கே என்னை வரவேற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.