சாலைக்குப் பணம் இருக்கிறது, காலுக்கு இல்லை

(மாணவர் கருத்தரங்கு ஒன்றில் பேசியதின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சுவரொட்டியில் என் தலைப்பைப் பார்த்துவிட்டு டீக்கடையிலேயே ஒரு தோழர் பிடித்துக்கொண்டார். "பஞ்சமி நிலம் பத்திப் பேசுவீங்க, வன்கொடுமை வழக்கு பத்திப் பேசுவீங்க. இப்ப நடைபாதை, சைக்கிள்னு இறங்கிட்டீங்களே. இது கடற்கரையில காலங்காத்தால ஷூ மாட்டிக்கிட்டு நடக்கிறவங்க பிரச்சினை இல்லையா தோழர்?" என்றார். நியாயமான கேள்விதான். நடப்பதைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு இளைப்பதைப் பற்றியும் காற்று சுத்தமாவதைப் பற்றியுமே பேசுகிறார்கள். நான் பேசப் போவது அரசாங்கப் பணத்தைப் பற்றி. அது யார் காலுக்கு அடியில் போகிறது, யார் சக்கரத்துக்கு அடியில் போகிறது என்பதைப் பற்றி.

சட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது. 2015ல் அதைத் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் 3(1)(இசட்.ஏ) பிரிவைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைச் சாலையையும் பாதையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதைத் தடுப்பது குற்றம். செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். சைக்கிள் என்கிற சொல்லே சட்டத்தில் இருக்கிறது தோழர்களே! நாடாளுமன்றம் உட்கார்ந்து, சேரிக்காரன் சைக்கிளில் ஏறினால் இறக்கிவிடாதே என்று 2015ல் எழுத வேண்டியிருந்தது. இதை ஷூ மாட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?

இன்னும் பின்னால் போவோம். 1924ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும், தெருவிலும், பாதையிலும் எந்த வகுப்பார் நடந்து போகவும் ஆட்சேபம் கூடாது என்பது தீர்மானம். நிறைவேறியது, அரசாணையும் ஆனது. அதே 1924ல்தான் வைக்கம். கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக நடந்த போராட்டம் அது. பெரியார் சிறைக்குப் போனார். பிறகு அரசியல் சட்டம் வந்தது. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு என்ன சொல்கிறது? கிணறு, குளம், படித்துறை, சாலை இவற்றில், அரசு நிதியிலிருந்து முழுவதுமாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படுகிற எதையும் பயன்படுத்த சாதியின் பேரால் தடையோ நிபந்தனையோ கூடாது என்கிறது. 'அரசு நிதியிலிருந்து' என்ற அந்த வார்த்தையை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் உரிமை வருவது தெருவில் பொதுப்பணம் கிடப்பதால்தான்.

சரி, அந்தப் பணம் இன்றைக்கு யாருக்காகக் கொட்டப்படுகிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்ட விவரம் இருக்கிறது. யாருடைய விவரம்? விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத்தொழில் செய்கிறவர் மூன்று பேரையும் விட்டுவிட்டு மற்றத் தொழிலாளர்களுடையது மட்டும். அதாவது விடியக்காலையில் தூக்குச்சட்டியோடு வரப்பில் நடக்கிற நம்ம பொம்பளைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவர்களை விட்டும்கூட, நடந்தே வேலைக்குப் போகிறவர்கள் 22 சதவீதத்துக்கு மேல். சைக்கிளில் போகிறவர்கள் 13 சதவீதம். கார், ஜீப், வேன் எல்லாம் சேர்த்து 3 சதவீதத்தை எட்டவில்லை. சாவில் வரும் பங்கையும் பாருங்கள். 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர்.

இது ஏதோ கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். பொறியாளரின் கணக்கு முறையிலேயே இது இருக்கிறது. ஒரு சாலையை அகலப்படுத்தலாமா என்று முடிவு செய்ய வண்டிகளை எண்ணுவார்கள். எல்லா வண்டியையும் காராக மாற்றி எண்ணுவார்கள். அதற்குப் 'பயணி கார் அலகு' என்று பெயர். கிராமப்புறச் சாலைகளுக்காக இந்திய சாலைக் காங்கிரஸ் 1990ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு கார் என்றால் 1. சைக்கிள் 0.5. பஸ் 3. கைவண்டியும் 3. பஸ்சில் அறுபது பேர் இருந்தாலும் மூன்றுதான், காரில் ஒரே ஒருத்தர் இருந்தாலும் ஒன்றுதான். நடந்து போகிறவருக்கு? அந்தப் பட்டியலில் அவருக்கு எண்ணே கிடையாது. சைக்கிள்காரன் அரைக் கார், நடக்கிறவன் பூஜ்யம். மனுதர்மத்தை மனப்பாடம் செய்தவர்களெல்லாம் சேர்ந்து இதை எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரை மனிதனுக்கு அளவுகோலாக வைத்தால் கடைசியில் யார் விழுவார்கள் என்பது இந்தச் சமூகத்தில் முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

எங்கள் ஊர் விஷயத்தைச் சொல்கிறேன். எங்க அப்பா ஒரு பழைய சைக்கிள் வச்சிருந்தார். காலனியிலிருந்து ஊர்த்தெரு முனை வரைக்கும் ஓட்டுவார். அங்கே இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டி, தெரு முடிகிற வரை தள்ளிக்கிட்டே போவார். பின்னால் உட்கார்ந்திருக்கிற நானும் இறங்கணும். பிற்பாடு எங்க பையன்கள் இறங்க மறுத்தார்கள். அடிதடி, வழக்கு, ஊர்விலக்கு எல்லாம் நடந்தது. கடைசியில் ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்தது. இனிமே எவன் தெருவுக்குள்ளயும் போக வேண்டியதில்லை, இது கவர்மெண்டு ரோடு என்று எங்க சனம் சந்தோஷப்பட்டது. இன்றைக்கு அது நாலுவழிச் சாலை. காலனி ஒரு பக்கம். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் சுடுகாடும் மறுபக்கம். நடுவில் இடுப்பளவு தடுப்புச்சுவர். வண்டி திரும்புகிற இடம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு யார் மூன்று கிலோமீட்டர் சுற்றுவார்கள்? சுவரேறிக் குதிக்கிறார்கள். போன வருஷம் ஒரு அம்மாவை லாரி அடித்தது. மனு கொடுக்கப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அந்த இடத்துல கிராசிங் குடுக்கிற அளவுக்கு டிராஃபிக் இல்லீங்களே" என்றார். சனம் நடக்கிறது, ஆனால் போக்குவரத்து இல்லை! முன்னே ஊர்த்தெரு எங்களை இறங்கி நடக்கச் சொன்னது. இப்போது நெடுஞ்சாலை, நடக்கிற ஆள் ஆளே இல்லை என்கிறது.

இங்கே நம்ம பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி வரும். "நம்ம பசங்க புல்லட் வாங்கறதே சாதிவெறியனுக்கு ஆகலை. அதுக்கே வெட்டறான். நீங்க போய் நட, சைக்கிள் மிதின்னா, காந்தி எளிமையா வாழச் சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" இது லேசான கேள்வி இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1929ல் சாலிஸ்காவ் போனபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். குதிரைவண்டிக்காரர்கள் தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட மறுத்தார்கள். நடந்து போகிற தூரம்தான். ஆனால் நம் விருந்தாளி நடந்து வருவதா என்று சேரி மக்களுக்கு மானப் பிரச்சினை. வாடகைக்கு வண்டியை மட்டும் வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவரே ஓட்டிவந்தார். வண்டி கவிழ்ந்தது, அம்பேத்கர் கால் முறிந்தது. வாகனம் நமக்கு மானம். அதை ஒருபோதும் விட்டுக்கொடுக்க முடியாது. புல்லட்டுக்காக வெட்டப்பட்ட பையனுக்காக நாம் தெருவில் நிற்போம். ஆனால் அந்தப் பையனின் அம்மா நடந்துதான் போகிறாள். அவளை நடக்கச் சொல்லி நான் உபதேசம் பண்ணவில்லை. நடக்கிறவள் உயிரோடு வீடு சேர அரசாங்கம் செலவு செய்யட்டும் என்கிறேன். காரில் போகிறவனுக்கு மேம்பாலம் கட்டும்போது எவனும் அவனிடம் எளிமையைப் பற்றிப் பேசுவதில்லை.

பொதுப்பணம் இதில் இறங்கினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாததல்ல. 1991, 92ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். லட்சம் பெண்கள் வரை சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று சாய்நாத் எழுதியிருக்கிறார். பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் பிள்ளையை உட்கார வைக்கலாமே! புருஷனுக்கும் பஸ்சுக்கும் காத்திருப்பது நின்றது. பிறகு 2001-02ல் தமிழக அரசு மேல்நிலை வகுப்பில் படிக்கிற பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் அது எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. இன்றைக்கு இலவசம் என்று கிண்டலடிக்கிறவர்களுக்கு இந்த வரிசையை ஞாபகப்படுத்துங்கள்: முதலில் நம் பெண்பிள்ளைகளுக்கு, பிறகு எல்லாருக்கும். பீகாரில் 2006ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது அதனால் 32 சதவீதம் கூடியது என்று முரளிதரன், பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்களின் ஆய்வு சொல்கிறது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஆனால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு அதை ஓட்டப் பாதையைக் கொடுக்காமல் விடுவது பாதித் திட்டம். பிள்ளை லாரிக்கும் மண்சரிவுக்கும் நடுவில் வெள்ளைக்கோட்டின் மேல் ஓட்டுகிறது.

நகரத்துக்கு வருவோம். சென்னை மாநகராட்சி 2014ல் ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருந்தது. நல்ல காகிதம்தான். 2019ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். நானும் நடந்து பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதே நகரம், கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த சனத்தைப் பிடுங்கி கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டது. அதில் பெரும்பகுதி நம் மக்கள். வீட்டு வேலைக்கு, குப்பை வேலைக்கு, மூட்டை தூக்க நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வீட்டை மட்டும் பிடுங்கவில்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்த வேலையையும் பிடுங்கினார்கள்.  2021லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்சில் கட்டணமில்லை. அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பஸ் நிறுத்தம் வரை இருட்டில் நடக்க வேண்டியது அவள்தானே.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். நடைபாதை கேட்கிறோம் என்றதும் முதலில் பூக்காரம்மாவையும் இட்லிக்கடைக்காரரையும் துரத்த வருவார்கள். அதற்கு நாம் ஆள் இல்லை. தெரு வியாபாரிகள் சட்டம் 2014லேயே இருக்கிறது. நடைபாதையை அடைத்து நிற்கிற காரை முதலில் எடுக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை முக்கியமானது. காலனிக்குப் பாதை கேட்டால், பட்டியல் சாதித் துணைத்திட்ட நிதியிலிருந்து எடுத்துப் போடுகிறோம் என்பார்கள். கை தட்டிவிடாதீர்கள். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லியில் அந்தத் துணைத்திட்டப் பணம் அறுநூறு கோடிக்கு மேல் திருப்பிவிடப்பட்டது. ஒன்றிய உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் இந்த நிதிக்கு 2024ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அது நம் படிப்புக்கும் நிலத்துக்கும் தொழிலுக்குமான பணம். நெடுஞ்சாலையைக் கடக்க சுரங்கப்பாதை போடுவது நெடுஞ்சாலைத்துறையின் செலவு. சாலையை வெட்டியது அவர்கள் பணம் என்றால், அதைக் கடக்க வைப்பதும் அவர்கள் பணம்தான். பொதுச்சாலைக்குப் பொது நிதி. இதில் பேரம் கிடையாது.

நாம் கேட்பது சின்னது, ஆனால் திட்டவட்டமானது. எந்தச் சாலை போட்டாலும் மதிப்பீட்டிலேயே நடைக்கும் சைக்கிளுக்கும் தனித் தலைப்பில் தொகை வேண்டும். மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்பது கூடாது. 1.8 மீட்டர் தடையில்லாத நடைபாதை வேண்டும் என்று சாலைக் காங்கிரசே 2012ல் எழுதியிருக்கிறது. தடையற்ற நடைபாதை 21ஆம் பிரிவின் கீழ் வாழ்வுரிமையில் சேரும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காலனிக்கும் பள்ளிக்கும், காலனிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே சாலை போனால் கடக்க வழி கட்டாமல் பில் பாஸாகக் கூடாது. பஸ் நிறுத்தம் சேரி முனையிலும் வேண்டும். அங்கே விளக்கு வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அவர்கள் நம்மை எண்ணவில்லை என்றால் நாம் எண்ணுவோம். காலனி முனையில் காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை ஐந்திலிருந்து எட்டு, இரண்டு பேர் உட்காருங்கள். நடந்து போகிறவர் எத்தனை, அதில் பெண் எத்தனை, தலைச்சுமையோடு எத்தனை, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, சைக்கிள் எத்தனை. வாரநாளில் ஒரு நாள், சந்தை நாளில் ஒரு நாள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தச் சாலையின் திட்ட மதிப்பீட்டைக் கேளுங்கள். நடைபாதை என்று ஒரு வரி இருக்கிறதா, எவ்வளவு தொகை என்று பாருங்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். எழுத மறுத்தால், மறுத்தார்கள் என்பதை எழுதி வாங்குங்கள்.

எண்ணுவதற்கான தாள் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், பின்வரிசையில் தோழரிடம் இருக்கிறது. ஊருக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26 கிராம சபைக்கு முன்னால் நிரப்பி அனுப்பினால் மாவட்டக் கணக்கை ஒன்றாகச் சேர்த்துவிடலாம்.