இழுக்கும் முன் எடை போடுங்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வள்ளியூரில் நான் பார்த்த ஒரு லாரி டிரைவரைப் பற்றிச் சொல்கிறேன். சிறுநீரில் ரத்தம் என்று வந்தார். மூன்று வருஷத்துக்கு முன் வெளியூரில் கல்லுக்கு ஆபரேஷன் செய்து, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை 'டபுள் ஜே' ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சில வாரங்களில் எடுத்திருக்க வேண்டியது. "ஏன்யா எடுக்கப் போகல?" என்றேன்.

"வலிதான் நின்னுட்டுல்லா சார்! பொறவு லோடு ஏத்திட்டு வடக்க போயிட்டேன். உள்ள குழாய் கெடக்குன்னு யாரும் வெவரமாச் சொல்லலியே."

இரு முனையும் சுருண்ட இந்தக் குழாயை 1978-இல் அறிமுகப்படுத்தியவர் ஃபின்னி என்ற அமெரிக்க மருத்துவர். சுருள் இருப்பதால் நழுவாது. ஆனால் நாள் பட்டால், உப்புத் தண்ணி காய்ச்சுகிற அண்டாவைப் போல வெள்ளையாகப் படியும். 1991-இல் ரியாத்திலிருந்து வந்த ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்டுகளில் 9.2 சதவீதத்தில்தான் படிவு. 6 முதல் 12 வாரத்தில் 47.5, அதற்கு மேல் 76.3.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறையும் மறைக்காமல் சொல்கிறேன். இப்படி ஒரு ஸ்டென்டைச் சிறுநீர்ப்பை வழியே பிடித்து இழுத்தேன். கீழ்ச் சுருள் சுத்தமாக இருந்தது. மேல்சுருளை நான் கவனிக்கவில்லை. நடுவில் முறிந்து பாதி கையோடு வந்தது, பாதி உள்ளே நின்றது. அந்த மனிதருக்கு இன்னொரு ஆபரேஷன். குழாய் முறிந்ததோடு போயிற்று, சிறுநீர்க்குழாயே கிழிந்திருக்கலாம்.

இந்தத் தவறைத் தடுக்கத்தான் தர வரிசை. 2009-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஐந்து நிலை வகுத்தார்கள். 1: ஒரு சுருளில் கோடு போல லேசான படிவு. 2: ஒரு சுருளை முழுக்க மூடிய படிவு. 3: அதோடு நடுக்குழாயிலும் படிவு. 4: இரண்டு சுருளும் மூடியவை. 5: முழுக் குழாயும் பருத்த கல். கீழ்நிலைகளில் பெரும்பாலும் அதிர்வலையோ சிறுநீர்ப்பைக் கருவியோ போதும். மேல்நிலைகளில் முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் போக வேண்டிவரும். 2016-இல் வந்த இன்னொரு முறை சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறது.

நம்ம டிரைவருக்கு நாலாம் நிலை. சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று ஸ்கேனில் பார்த்து, கிருமிக்கு மருந்து கொடுத்து, முதலில் சிறுநீர்ப்பைக் கல்லை உடைத்தோம். பிறகு முதுகு வழியே மேல்கல்லை உடைத்ததும் குழாய் முழுசாக வந்தது. சிறுநீரகம் தப்பியது.

தம்பி தங்கைகளே, நிலையைக் கணிக்காமல் இழுக்காதீர்கள். அதைவிடப் பெரிய வேலை, அந்த நிலையே வராமல் பார்ப்பது. ஸ்டென்ட் வைத்த அன்றே நோட்டில் எடுக்கும் தேதியை எழுதுங்கள். வீட்டில் ஒருவர் போன் நம்பரையும் வாங்குங்கள். "உள்ளே குழாய் இருக்கு, வலி போனாலும் வரணும்" என்று நம்ம பேச்சிலேயே சொல்லி அனுப்புங்கள். தேதி தாண்டினால் நீங்களே கூப்பிடுங்கள்.