வயிற்றுக் கணுக்கள்: மாத்திரைக்கு முன் பயாப்சி



புற்றுநோய் என்றால் ரமண மகரிஷி வாழ்ந்த இவ்வூரில் பலருக்கும் அவரது நினைவு வரும். 1949 பிப்ரவரியில் அவரது இடது முழங்கை அருகே இருந்த சிறு கட்டியை அறுத்து எடுத்தார்கள். அது மீண்டும் வளர்ந்தது. சார்கோமா என்று தெரிந்து, அடுத்தடுத்து அறுவை செய்தும் பலனில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். ஆனால் அது கையில் வந்த கட்டி, தரிசனத்துக்கு வந்தவர் எவருக்கும் தெரிந்தது. இன்று நாம் பேசவிருக்கும் லிம்போமா அப்படியல்ல. குடலைத் தாங்கும் சவ்விலும், முதுகெலும்புக்கு முன்னால் பெருந்தமனியை ஒட்டியும் உள்ள நிணநீர்க் கணுக்களில் அது வளர்கிறது. கழுத்தில் நெறி கட்டினால் வீட்டிலுள்ளவர் கண்ணில் படும். வயிற்றுக்குள் கட்டினால் சாப்பாடு இறங்கவில்லை, சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, உடம்பு இளைத்துவிட்டது என்றுதான் நோயாளி வந்து நிற்பார்.

இதைக் கேட்டதும் நம் மனத்தில் முதலில் எழுவது டி.பி. அதில் குற்றமில்லை. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் காசநோயிலிருந்து மீளலாம் என்று 1959இல் உலகுக்கு எடுத்துக்காட்டியதே சென்னையில் நடந்த ஆய்வுதான். அந்த மரபில் வந்தவர்கள் நாம். என் மனக்குறை வேறு. ஸ்கேனில் கணுக்கள் பெருத்திருக்கக் கண்டதும், சதையை எடுத்துப் பார்க்காமலே மாத்திரையைத் தொடங்கி, 'இரண்டு மாதம் பார்ப்போம்' என்கிறோமே, அதுதான். வேகமாக வளரும் லிம்போமா இரண்டு மாதம் காத்திருக்காது. சிறுநீர்க்குழாயை நெருக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். குழந்தைகளின் வயிற்றில் வரும் புர்க்கிட் லிம்போமாவின் செல்கள் இரண்டொரு நாளிலேயே இரட்டிப்பாகிவிடும். அங்கே ஒரு வாரத் தாமதம்கூட அதிகம். இதைவிட மோசமானது, காய்ச்சல் தணியட்டும் என்று ஸ்டீராய்டு கொடுப்பது. கட்டி கரைந்ததுபோல் இருக்கும், நோயாளி மகிழ்வார். பிறகு பயாப்சி எடுத்தால் எதுவும் பிடிபடாது.

சி.டி. ஸ்கேன் ஓரளவு வழிகாட்டும். கணுவின் நடு அழுகி ஓரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் காசநோய்ப் பக்கம் சாயலாம். கணுக்கள் ஒரே சீராகப் பெருத்து, குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்களை இருபுறமும் அணைத்துக்கொண்டு கிடந்தால் லிம்போமா என்று சந்தேகிக்கலாம். சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். தீர்ப்பு சதையிடம் இருக்கிறது.

அந்தச் சதையை நாம் நடத்தும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சிய நாலு செல்களை வைத்து லிம்போமாவின் வகையைச் சொல்லச் சொல்வது நோயியலாளருக்குச் செய்யும் அநியாயம். ஸ்கேன் பார்த்தபடி தடித்த ஊசியால் இழையாகச் சதை எடுக்க வேண்டும். முடியாவிட்டால் லேப்ராஸ்கோப்பியில் ஒரு கணுவையே எடுக்க வேண்டும். எடுத்ததை இரண்டு பாட்டில்களில் பிரித்துப் போடுங்கள். ஒன்றில் ஃபார்மலின், அது நோயியல் துறைக்கு. மற்றதில் வெறும் சலைன், அது காசநோய்க் கிருமியைத் தேட. முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி கல்ச்சரில் வளராது. அறுவை அரங்கில் செவிலியர் ஒரு லேபிள் கூடுதலாக ஒட்ட வேண்டும், வேறு செலவு இல்லை. நோயாளி மேல்சிகிச்சைக்கு வேலூருக்கோ அடையாறுக்கோ போக நேர்ந்தால், மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் ரிப்போர்ட்டோடு கையில் கொடுத்தனுப்புங்கள். வெறும் ரிப்போர்ட்டோடு போனவரை, பிளாக் வாங்கி வா என்று திருப்பி அனுப்பினால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் அவருக்குத்தான் நஷ்டம்.

வகை தெரிந்தால் வழியும் மாறும். மெதுவாக வளரும் ஃபாலிகுலர் லிம்போமாவில், தொந்தரவில்லாதவருக்கு மருந்தே இல்லாமல் கண்காணித்து வருவதுண்டு. புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்து இல்லை என்றால் எந்தக் குடும்பம் நம்பும்? அதைப் பொறுமையாக விளக்குவதும் சிகிச்சைதான். சிறுகுடலில் வரும் ஓர் அரிய வகை, ஆரம்ப நிலையில் டெட்ராசைக்ளினுக்கே அடங்குவதுண்டு. பெரிய பி-செல் வகையில் சி.டி.20 என்னும் புரதம் இருந்தால் கீமோவோடு ரிட்டுக்சிமாப் சேரும். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்தை 2007இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. அதைப் போடுமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையை மறந்துவிடாதீர்கள். தூங்கும் வைரஸை அது எழுப்பிவிடும். இந்த வகை லிம்போமாவில் பாதிக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள் என்பதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

காசநோய்ப் பிரிவு நண்பர்களும் இந்த அரங்கில் இருப்பதால் ஒரு வேண்டுகோள். வயிற்றுக் கணுவுக்குப் பயாப்சி இல்லாமல் டி.பி. மாத்திரை தொடங்க நேர்ந்தால், ஏன் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள். எந்தத் தேதியில் மறுபடி ஸ்கேன் என்றும் எழுதுங்கள். மாலை அமர்வு கலைவதற்குள் இதை ஒரு பக்க நடைமுறையாக எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.