நம் பேரிடர் நிதிக்கு ஒரு மொய் விருந்து

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்துக்கு வந்ததே, மறக்க முடியுமா? வலையும் படகும் கறுத்துப் போச்சு. மீனை வாங்க ஆளில்லை. அரசு ரூ.8.68 கோடி நிவாரணம் ஒதுக்கியது. 2,301 குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000 என்றெல்லாம் கணக்கு. நல்லதுதான். ஆனால் பட்டியல் எடுத்து, சரிபார்த்து, பணம் கைக்கு வரும்வரை அடுப்பு காத்திருக்குமா? கூடையில் மீன் விற்கிற அக்காவுக்கு முதல் வாரமே அரிசி வேண்டும். அந்த முதல் வாரத்துக்குத்தான் நமக்கென்று ஒரு நிதி வேண்டும் என்கிறோம். 2017 ஜனவரியிலும் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. இனிமேல் வராது என்று யாரால் சொல்ல முடியும்?

பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்று சில குழுக்கள் சொல்கின்றன. மேடை, மைக்செட், விருந்தினருக்குச் சால்வை... வசூலைச் செலவே தின்றுவிடும். (நம்ம ஊர் வெயில்ல சால்வையை யாரும்மா போர்த்திக்கிறாங்க!)

நாங்கள் சொல்வது மொய் விருந்து. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இது பழைய வழக்கம். சாப்பாடு போடுவார்கள், வந்தவர்கள் மொய் எழுதுவார்கள், பின்னால் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். 2024-ல் வயநாடு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையே மொய் விருந்து வைத்து நிவாரணத்துக்குப் பணம் சேர்த்தது. அப்படித்தான் நம்முடையதும். "இது திரும்ப வராத மொய்" என்று அழைப்பிலேயே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு மனஸ்தாபம் வரும்.

தேதியில் கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், யாரிடமும் காசு இருக்காது. ஆடி பிறந்துவிட்டால் தெருவுக்குத் தெரு கூழுக்கு வசூல். அதனால் ஜூன் கடைசி ஞாயிறுதான் தோது. அரிசி குழுவுக்கு இத்தனை படி, மீன் படகுக்காரர்களிடம், சமையல் நம் கையாலேயே.

கஷ்டப்பட்ட குடும்பத்தை மேடையேற்றி அழ வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். நாளைக்கு அந்த இடத்தில் நாமும் நிற்கலாம்.

வசூலைச் சேமிப்போடு கலக்கக் கூடாது. தீர்மானம் போட்டு, தனிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம். அன்று சாயங்காலமே, பந்திப்பாயைச் சுருட்டுவதற்கு முன், வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்துவிடுவோம்.